கேட்பவரையும் கேட்ட வரலாறு

மனநல ஆலோசனையில் நபர் மைய அணுகுமுறை என்றதும் பலருக்கும் ஒரு கனிவான முகம்தான் நினைவுக்கு வரும். குறுக்கே பேசாமல் கேட்பவர், தீர்ப்புச் சொல்லாதவர், அறிவுரை நாக்கு நுனிவரை வந்தாலும் விழுங்கிவிடுபவர். பாடப்புத்தகங்களும் இந்தச் சித்திரத்தைத்தான் தருகின்றன. உள்ளும் புறமும் ஒன்றாயிருத்தல், நிபந்தனையற்று ஏற்றல், பிறர் நிலையில் நின்று உணர்தல் என்ற மூன்றையும் செய்யுள்போல் ஒப்பிக்கச் செய்து அடுத்த பாடத்துக்குப் போய்விடுகின்றன. அதனால், கார்ல் ரோஜர்ஸ் என்ற நல்ல மனிதர் தம் நல்ல குணத்தையே ஒரு சிகிச்சை முறையாக்கினார் என்ற எண்ணம் வேரூன்றியிருக்கிறது. அந்த முறை உருவான இருபது முப்பது ஆண்டுகளின் வரலாற்றைப் பார்த்தால் இந்த எண்ணம் நிலைக்காது. ஆலோசகர் தம் வேலையைத் தாமே சந்தேகப்பட்டதில் அது தொடங்கியது. மூடிய அறைக்குள் நடப்பதைப் பதிவுசெய்து பிறர் காதுக்குக் கொடுத்ததில் உருப்பெற்றது. அறிவுரையைக் கைவிட்டதற்குக் காரணம் மென்மை என்பதைவிட, அறிவுரை பலிக்கவில்லை என்று கண்டதுதான். கனிவு பின்னால் வந்தது.

ரோஜர்ஸ் 1902-இல் சிகாகோவை ஒட்டிய ஓக் பார்க்கில் கண்டிப்பான புராட்டஸ்டன்ட் குடும்பத்தில் பிறந்தார். விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தில் வேளாண்மை படிக்கச் சேர்ந்து வரலாற்றுக்கு மாறினார். நியூயார்க்கில் இறையியல் கல்லூரியில் இரண்டு ஆண்டுகள் இருந்துவிட்டு, தெருவுக்கு எதிர்ப்புறம் இருந்த கொலம்பியா ஆசிரியர் கல்லூரிக்கு உளவியல் படிக்கப் போனார். நமக்கு முக்கியமானது அதன்பின் வந்த பன்னிரண்டு ஆண்டுகள். 1928-இல் ராச்செஸ்டர் நகரில், குழந்தைகள் மீதான கொடுமையைத் தடுக்கும் சங்கத்தின் குழந்தை ஆய்வுப் பிரிவில் வேலைக்குச் சேர்ந்தார். நீதிமன்றங்களும் தொண்டு அமைப்புகளும் அனுப்பிய பிள்ளைகள் அங்கே வந்தார்கள்: திருடியவர்கள், வீட்டைவிட்டு ஓடியவர்கள், யாருக்கும் அடங்காதவர்கள். ஒரு பிள்ளையைப் பற்றிய முடிவு தவறினால் சில மாதங்களில் அதே பிள்ளை திரும்ப வந்து நிற்கும். கோட்பாடு எதுவாயினும், அது வேலை செய்கிறதா இல்லையா என்று அந்த அலுவலகம் உடனுக்குடன் சொல்லிவிடும்.

அங்கே நடந்த மூன்று சம்பவங்களை ரோஜர்ஸ் பின்னாளில் எழுதிவைத்திருக்கிறார். முதலாவது, தீவைக்கும் பழக்கமுள்ள ஒரு சிறுவன். குற்றம் செய்யும் சிறார்களைப் பற்றி அன்று பெரும் மதிப்போடு படிக்கப்பட்டவர் வில்லியம் ஹீலி. இத்தகைய நடத்தைக்கு அடியில் பல வேளைகளில் பாலுணர்வுச் சிக்கல் இருக்கிறது என்பது அவர் விளக்கம். அதன்படி ரோஜர்ஸ் சிறுவனிடம் நாள்தோறும் பேசி, உந்துதலின் வேரைக் கண்டுபிடித்து, அவனுக்கும் எடுத்துச் சொன்னார். வழக்கு முடிந்ததென்று நினைத்தார். நன்னடத்தைக் கண்காணிப்பில் வெளியே விடப்பட்ட சிறுவன் மறுபடியும் அதையே செய்தான். பேரறிஞர் சொன்ன விளக்கமும் பிழையாயிருக்கலாம் என்பது அன்றுதான் அவருக்கு உறைத்தது. இரண்டாவது, அச்சில் வந்திருந்த ஒரு நேர்காணல்; சிக்கலான பிள்ளையின் பெற்றோரிடம் ஒரு பணியாளர் நடத்திய உரையாடல். வந்த புதிதில் அதை நல்ல முன்மாதிரி என்று சக ஊழியர்களோடு அமர்ந்து விவாதித்திருந்தார். சில ஆண்டுகள் கழித்து மறுபடி படித்தபோது அதிர்ந்துபோனார். கெட்டிக்கார வக்கீல் கூண்டில் நிற்பவரை மடக்குவதுபோல, பெற்றோரின் மறைந்த நோக்கங்களை ஒவ்வொன்றாக நிரூபித்துக் குற்றத்தை ஒப்புக்கொள்ள வைக்கும் கேள்விகளாக அவை தெரிந்தன. அந்த உரையாடல் எழுத்தில் இருந்ததால்தான் அவரால் திரும்பிப் பார்க்க முடிந்தது என்பதை இங்கே குறித்துக்கொள்ள வேண்டும்.

மூன்றாவது சம்பவத்தைக் கொஞ்சம் அருகில் நின்று பார்க்கலாம். முரட்டுப் பையன் ஒருவனின் தாய் வந்துகொண்டிருந்தாள். பையன் சிறுவயதில் அவளால் ஒதுக்கப்பட்டதுதான் காரணம் என்று ரோஜர்ஸுக்குத் தெளிவாகப் பட்டது. அதை அவளே உணர வேண்டும் என்று, அவள் சொன்னவற்றையே திரட்டி, மென்மையாக, பல அமர்வுகளில் அவள்முன் வைத்தார். அவளுக்கு அது ஏறவில்லை. கடைசியில், இருவரும் முயன்று பார்த்தோம், பலிக்கவில்லை, இத்தோடு நிறுத்திக்கொள்ளலாமா என்று கேட்டார். அவளும் சரியென்றாள். கைகுலுக்கி வாசல்வரை போனவள் திரும்பி, இங்கே பெரியவர்களுக்கும் ஆலோசனை உண்டா என்று கேட்டாள். உண்டு என்றதும், அப்படியானால் எனக்கு உதவி வேண்டும் என்று நாற்காலிக்குத் திரும்பினாள். அதன்பின் அவள் கொட்டித் தீர்த்தது பையனைப் பற்றி இல்லை. தன் மணவாழ்வைப் பற்றிய விரக்தி, கணவனோடு ஓயாத பிணக்கு, தோற்றுப்போன உணர்வு. அதுவரை கோப்பில் ஏறியிருந்த 'வழக்கு வரலாறு' எதிலும் இவை இல்லை. சிகிச்சை அங்கிருந்துதான் தொடங்கியது, நன்றாகவும் முடிந்தது. எது வலிக்கிறது, எந்தத் திசையில் போக வேண்டும் என்பது வந்தவருக்கே தெரியும் என்ற முடிவை ரோஜர்ஸ் இதிலிருந்து எடுத்தார். தம் விளக்கம் மென்மையாகச் சொல்லப்பட்டிருந்தும் தோற்றது என்பதையும் அவர் மறைக்கவில்லை. கனிவு மட்டும் போதுமானால், அந்தத் தாய்க்கு முதல் வாரத்திலேயே வழி பிறந்திருக்கும்.

இந்த வரலாற்றைத் தனி ஒருவரின் கண்டுபிடிப்பாகச் சொல்வதும் நேர்மையாகாது. பிராய்டிடமிருந்து பிரிந்த ஓட்டோ ராங்க் 1936-இல் ராச்செஸ்டருக்கு வந்து மூன்று நாள் வகுப்பெடுத்தார். அவருடைய கருத்துகள் அதற்கு முன்பே பிலடெல்பியாவின் சமூகப்பணியாளர்கள் வழியாக அங்கே நடமாடிக்கொண்டிருந்தன. அவர்களில் ஜெசி டாஃப்ட், ஆலோசகருக்கும் வந்தவருக்கும் இடையிலுள்ள உறவுதான் சிகிச்சையின் கருவி என்று 1933-லேயே புத்தகம் எழுதியவர். சொல்லின் பொருளைவிட அதன் அடியிலுள்ள உணர்ச்சியைக் கேட்கத் தமக்குக் கற்றுத்தந்தவர் ராங்க் மரபில் பயின்ற ஒரு சமூகப்பணியாளர் என்று ரோஜர்ஸே எழுதியிருக்கிறார். குறைந்த சம்பளத்தில் வீடு வீடாகப் போய்வந்த இந்தப் பெண்களின் கைப்பழக்கம் பேராசிரியரின் பெயரில் உலகத்துக்குப் போயிற்று. அவர்களுக்குரிய இடத்தை உளவியல் வரலாறு இன்னும் முழுதாகக் கொடுக்கவில்லை என்பதே என் எண்ணம்.

1940-இல் ரோஜர்ஸ் ஒஹையோ மாநிலப் பல்கலைக்கழகத்துக்குப் பேராசிரியராகப் போனார். அவ்வாண்டு டிசம்பர் 11 அன்று மினசோட்டா பல்கலைக்கழகத்தில் புதிய சிகிச்சைக் கருத்துகள் பற்றி உரையாற்றினார். அந்த இடத்துக்கு ஒரு பொருள் உண்டு. மாணவருக்குத் தேர்வு வைத்து, தரவு திரட்டி, நோயைக் கண்டறியும் மருத்துவர்போல் சிக்கலைக் கண்டறிந்து, இன்ன படிப்பு எடு, இன்ன வேலைக்குப் போ என்று வழிசொல்லும் ஆலோசனை முறையை வளர்த்தெடுத்த எட்மண்ட் வில்லியம்சனின் பல்கலைக்கழகம் அது. அவர் வீட்டுக் கூடத்திலேயே நின்று, அறிவுரையும் வற்புறுத்தலும் விளக்கமும் பழைய முறைகள் என்று ரோஜர்ஸ் பேசினார். பாராட்டியவர்கள், கொதித்தவர்கள், குழம்பியவர்கள் என்று அரங்கம் பிளந்தது. தமது முறையின் பிறந்தநாள் அதுவே என்று பிற்காலத்தில் அவர் குறிப்பிட்டார். ஆனால் உரை உரைதான். எதிர்த்தவர்கள் கேட்க வேண்டிய கேள்வி ஒன்று இருந்தது: நீங்கள் உங்கள் அறைக்குள் சொன்னபடிதான் நடக்கிறீர்கள் என்பதற்கு என்ன ஆதாரம்?

அதற்கு விடை தேடியதில்தான் இந்த முறையின் உண்மையான பெருமை இருக்கிறது. பிராய்டின் காலத்திலிருந்தே சிகிச்சை அறை அடைத்த கதவு. உள்ளே நடந்ததை மருத்துவர் இரவில் உட்கார்ந்து நினைவிலிருந்து எழுதுவார். அவர் எழுதியதே சான்று. ஒஹையோவில் ரோஜர்ஸும் மாணவர்களும் அறையில் ஒலிவாங்கியை வைத்தார்கள். கம்பி பக்கத்து அறைக்குப் போயிற்று. அங்கே இரண்டு இயந்திரங்கள். வெற்று இசைத்தட்டில் ஊசி பள்ளம் வெட்டிக்கொண்டே போகும். ஒரு பக்கம் ஏறத்தாழ மூன்று நிமிடம்தான் தாங்கும். அது முடிவதற்குள் அடுத்த இயந்திரத்தை ஓடவிட்டு, வெட்டிய தூளைத் துடைத்து, தட்டைத் திருப்பிவைக்க வேண்டும். பிறகு ஒவ்வொரு வாக்கியத்துக்கும் ஊசியைத் தூக்கித் தூக்கிப் பின்னால் வைத்துத் தட்டச்சு செய்ய வேண்டும். இந்தக் கருவிகளை அமைத்த மாணவர் பெர்னார்ட் கோவ்னர், ஆலோசகர்கள் எழுதிய அறிக்கைகளைப் பதிவுகளோடு ஒப்பிட்டுப் பார்த்தார். அறிக்கையில் இருந்தவை பெரும்பாலும் சரிதான். ஆனால் உரையாடலில் பெரும்பகுதி அறிக்கைக்கு வரவே இல்லை. இன்னொரு மாணவர் எலியாஸ் போர்ட்டர், யார் எவ்வளவு பேசுகிறார்கள் என்று சொற்களை எண்ணினார். வழிசொல்லும் ஆலோசகர்கள் மற்றவர்களைவிடப் பல மடங்கு சொற்களைப் பேசியிருந்தார்கள். கேட்டுக்கொண்டுதான் இருந்தேன் என்று இனி யாரும் சும்மா சொல்லிவிட முடியாது.

1942-இல் ரோஜர்ஸ் வெளியிட்ட 'ஆலோசனையும் உளச்சிகிச்சையும்' என்ற நூலில், ஹெர்பர்ட் பிரையன் என்ற புனைபெயரில் ஓர் இளைஞரின் எட்டு அமர்வுகள் சொல்லுக்குச் சொல் அச்சாயின. ஒரு சிகிச்சை முதலிலிருந்து கடைசிவரை எழுத்தாகி வெளிவந்தது அதுவே முதல் முறை. ஒவ்வொரு பேச்சுக்கும் எண் இடப்பட்டிருந்தது. அடிக்குறிப்புகளில், இந்த இடத்தில் ஆலோசகர் அவசரப்பட்டார், இந்தக் கேள்வி வந்தவரின் ஓட்டத்தைத் தடுத்தது என்று பிழைகள் சுட்டிக்காட்டப்பட்டிருந்தன. வாசகர் ஆசிரியரோடு உடன்படத் தேவையில்லை. இருபத்தேழாம் பேச்சில் நீங்கள் செய்தது தவறு என்று விரல் வைத்துச் சொல்லலாம். அதற்கு முன் எந்தச் சிகிச்சை மரபும் தன் எதிரிகளுக்கு இப்படியோர் ஆயுதத்தைத் தானே கொடுத்ததில்லை. அறையில் இருந்த அதிகாரத்தைக் கனிவான சொற்கள் குறைத்ததைவிட இந்தப் பதிவு கூடுதலாகக் குறைத்தது என்று நான் நினைக்கிறேன். வந்தவர் ஆலோசகருக்கு எவ்வளவு திறந்தாரோ, அவ்வளவு ஆலோசகரும் உலகத்துக்குத் திறக்க வேண்டியதாயிற்று.

1945 முதல் 1957 வரை சிகாகோ பல்கலைக்கழக ஆலோசனை மையத்தில் இந்த வழக்கம் பெரிய ஆய்வாக விரிந்தது. அங்கே தொழில் சண்டையும் இருந்தது. மருத்துவப் பட்டமில்லாதவர்கள் மருத்துவம் பார்க்கிறார்கள், மையத்தை மூட வேண்டும் என்று மனநல மருத்துவத் துறைத் தலைவர் பல்கலைக்கழகத்தை வலியுறுத்தினார். ரோஜர்ஸ் கடுமையாக எதிர்த்து நின்றார். வெளியே இன்னொரு புயல். சிகிச்சையே இல்லாமலும் நரம்புத் தளர்ச்சி நோயாளிகளில் மூன்றில் இரண்டு பங்கினர் இரண்டு ஆண்டுக்குள் தேறிவிடுகிறார்கள் என்று 1952-இல் லண்டனிலிருந்து ஹான்ஸ் ஐசெங்க் எழுதினார். சிகாகோ குழு 1954-இல் பதில் சொன்னது. 100 அட்டைகளில் நான் இப்படிப்பட்டவன் என்பதுபோன்ற வாக்கியங்கள். அவற்றை இப்போதிருக்கும் தன்னைப் பற்றி ஒருமுறையும், இருக்க விரும்பும் தன்னைப் பற்றி ஒருமுறையும் ஒன்பது அடுக்குகளாகப் பிரிக்கச் சொன்னார்கள். இரண்டும் எவ்வளவு ஒத்துப்போகின்றன என்பது அளவு. சிகிச்சைக்கு வந்த 25 பேருக்குத் தொடக்கத்தில் சராசரி ஒப்புமை -0.01, அதாவது தாங்கள் விரும்பும் மனிதருக்கும் தங்களுக்கும் தொடர்பே இல்லை என்று கண்டார்கள். முடிவில் அது 0.34, மாதங்கள் கழித்துப் பார்த்தபோதும் 0.31. ஒப்பீட்டுக்கு வைத்த 16 பேரிடம் 0.58 என்பது 0.59 ஆனது, அவ்வளவுதான். சிகிச்சைக்கு வந்தவர்களில் சிலரை முதலில் 60 நாள் காத்திருக்க வைத்து, காத்திருப்பதால் மட்டும் மாற்றம் வருகிறதா என்றும் பார்த்தார்கள். இந்த ஆய்வில் குறை உண்டு: ஒப்பீட்டுக் குழுவினர் உதவி தேடி வந்தவர்கள் அல்லர், எனவே ஒரே நிலையிலிருந்து கிளம்பியவர்களும் அல்லர். ஆயினும் கேட்பது என்ற காரியத்தை எண்ணில் வைத்துக் காட்ட அன்று துணிந்தவர்கள் மிகச் சிலரே.

இந்த முறைக்கு எதிராகச் சொல்லப்படுபவற்றில் மிகப் பரவலானது, இது வெறும் எதிரொலி என்பது. வந்தவர் சொன்னதையே திருப்பிச் சொல்லப் படித்த ஆள் எதற்கு? 1966-இல் எம்.ஐ.டி.யின் ஜோசப் வைசன்பாம் எலைசா என்ற கணினி நிரலைக் கொண்டு இதையே செய்து காட்டினார். ரோஜர்ஸ் மரபு ஆலோசகரைப்போல, தட்டச்சு செய்த வாக்கியத்தைக் கேள்வியாக மாற்றித் திருப்பி அனுப்பும் நிரல் அது. அவருடைய செயலாளரே, தான் அதனோடு பேச வேண்டும், கொஞ்சம் வெளியே இருங்கள் என்று அவரைக் கேட்டுக்கொண்டார். குற்றச்சாட்டில் பாதி உண்மை. பதிவுகளைப் படித்த மாணவர்கள் பலர் சொல்லின் வடிவத்தை மட்டும் பிடித்துக்கொண்டார்கள். தம் முறை இப்படிக் கேலிச்சித்திரமானதில் மனம் நொந்து, பல ஆண்டுகள் அதுபற்றிப் பேசுவதையே தவிர்த்ததாக ரோஜர்ஸ் 1975-இல் எழுதினார். ஆனால் ராச்செஸ்டர் தாயிடம் நடந்ததை எலைசாவால் செய்ய முடியுமா என்று பாருங்கள். அங்கே திருப்பம் தந்தது திருப்பிச் சொன்ன சொல் எதுவும் இல்லை. தம் விளக்கம் தோற்றதை ஆலோசகர் வாய்திறந்து ஒப்புக்கொண்டதுதான். தான் கேட்டது தவறோ என்று சந்தேகப்படும் ஆற்றல் எதிரொலிக்கு இல்லை.

இரண்டாவது எதிர்ப்பு ஆழமானது, உள்ளிருந்தே வந்தது. ரோஜர்ஸோடு பணியாற்றிய சார்ல்ஸ் டிரூவாக்ஸ், ரோஜர்ஸே நடத்தி வெற்றி கண்ட ஒரு நீண்ட சிகிச்சையின் பதிவுகளை ஆராய்ந்து 1966-இல் வெளியிட்டார். நிபந்தனையற்ற ஏற்பு என்பது பதிவில் நிபந்தனையோடுதான் இருந்தது. வந்தவர் சில வகையில் பேசும்போது ஆலோசகரின் கனிவு கூடியது, வேறு வகையில் பேசும்போது குறைந்தது. கனிவு பெற்ற பேச்சுகள் காலப்போக்கில் பெருகின. அப்படியானால் வழிநடத்தாத ஆலோசகரும் கண்ணுக்குத் தெரியாமல் வழிநடத்துகிறார். இதை மறுக்க இயலாது, மறுக்கவும் கூடாது. ஆனால் இந்தக் குறையை நமக்குக் காட்டியது எது? ரோஜர்ஸ் தாமே சேர்த்துவைத்த ஒலிப்பதிவுகள். அதிகாரம் இல்லை என்று சொல்லும் முறையைவிட, தன்னிடம் ஒளிந்திருக்கும் அதிகாரத்தை அளந்து பார்க்க இடம் தரும் முறை மேலானது என்பேன்.

கடும் மனநோய்க்கு இது போதாது என்பது மூன்றாவது. 1957-இல் ரோஜர்ஸ் விஸ்கான்சினுக்குப் போனார். அதே ஆண்டில், குறிப்பிட்ட ஆறு நிபந்தனைகள் இருந்தால் ஆளுமை மாற்றத்துக்கு வேறெதுவும் தேவையில்லை என்று துணிந்து எழுதியிருந்தார். மெண்டோட்டா அரசு மருத்துவமனையின் மனச்சிதைவு நோயாளிகளிடம் அந்தக் கூற்றைச் சோதித்தார்கள். பேசவே விரும்பாதவர்கள், நீண்ட நேரம் மௌனமாய் உட்கார்ந்திருந்தவர்கள். குழுவுக்குள் தரவு காணாமற்போய், சச்சரவு முற்றி, முடிவுகள் நூலாக வர 1967 ஆயிற்று. சிகிச்சை பெற்ற குழுவுக்கும் பெறாத குழுவுக்கும் மொத்தத்தில் சொல்லும்படியான வேறுபாடு இல்லை. பிறர் நிலையில் நின்று உணர்ந்த ஆலோசகரிடம் போனவர்கள் ஓரளவு தேறியிருந்தார்கள். அது குறைவாயிருந்தவரிடம் போனவர்களில் சிலர் இன்னும் மோசமாயிருந்தார்கள். என் பார்வையில் 'வேறெதுவும் தேவையில்லை' என்ற கூற்று அங்கே தோற்றது. பிரிட்டனின் பிற்கால ஆய்வுகளும் எல்லையைக் காட்டுகின்றன. 2000-இல் வெளியான, மனச்சோர்வுள்ள 464 பேரை ஆராய்ந்த ஆய்வில், வழிநடத்தாத ஆலோசனையும் அறிதல்-நடத்தைச் சிகிச்சையும் நான்கு மாதத்தில் பொதுமருத்துவரின் வழக்கமான கவனிப்பைவிட நல்ல பலன் தந்தன. பன்னிரண்டாம் மாதத்தில் மூன்றும் ஒன்றாகிவிட்டன. ஷெஃபீல்டில் 510 பேரிடம் நடந்து 2021-இல் வெளியான ஆய்வில், ஆறு மாதத்தில் நபர் மையச் சிகிச்சை அறிதல்-நடத்தைச் சிகிச்சைக்குச் சளைக்கவில்லை. ஓராண்டு முடிவில் அறிதல்-நடத்தைச் சிகிச்சையின் கை சற்று ஓங்கியிருந்தது. மருந்தும் மருத்துவமனையும் தேவைப்படும் ஒருவரைக் கேட்டே குணப்படுத்திவிடலாம் என்று யாராவது சொன்னால், அவர் இந்த மரபின் சொந்த ஆய்வுகளையே படிக்கவில்லை என்று பொருள்.

கடைசியாக, இது அமெரிக்கத் தனிமனிதனுக்காக நெய்த சட்டை, நம் ஊர் உடம்புக்குப் பொருந்தாது என்ற வாதம். நம்மிடம் வருபவர் வழி கேட்டு வருகிறார். பெரியவர் வாக்கு, குடும்பத்தின் முடிவு, ஊரின் வாய் எல்லாவற்றுக்கும் நடுவில் வாழ்கிறார். உங்களுக்கு என்ன தோன்றுகிறது என்று திருப்பிக் கேட்டால் ஏமாந்துபோவார். சிகாகோ மையத்துக்கு வந்தவர்களில் பலர் பல்கலைக்கழக மாணவர்கள் என்பதை நினைத்தால், சான்றின் தளம் குறுகியது என்று ஒப்புக்கொண்டுதான் ஆக வேண்டும். யாழ்ப்பாணத்தில் போர்க்காலத்தில் மனநல மருத்துவராகப் பணியாற்றிய தயா சோமசுந்தரம், 1998-இல் வந்த நூலிலும் அதன்பின் எழுதியவற்றிலும், இழப்பு தனிமனிதரோடு நிற்பதில்லை, குடும்பமும் ஊரும் சேர்ந்தே காயப்படுகின்றன, சிகிச்சையும் அங்கே போக வேண்டும் என்று விரிவாக வாதிட்டார். ஆனால் அந்த முடிவுக்கு அவர் வந்த வழியைக் கவனிக்க வேண்டும். தம்மிடம் வந்தவர்கள் எதைச் சொன்னார்களோ அதை, கையிலிருந்த மேலைநாட்டுச் சட்டகத்துக்குள் அடைக்காமல் கேட்டதால் வந்த முடிவு அது. ராச்செஸ்டரில் நடந்ததும் அதுவே. வந்தவர் 'எங்கள் குடும்பம்' என்று பேசினால், 'நான்' என்று பேசும்படி அவரைத் திருத்துவதுதான் நபர் மைய முறைக்கு முரண்.

தமிழில் இனி வேண்டியது வாதங்களைவிடப் பதிவுகள். ஒருவர் 'மனசே சரியில்ல' என்று தொடங்கி, 'நெஞ்சை அடைக்குது', 'தலையெல்லாம் எரியுது' என்று உடம்பின் வழியே பேசும்போது ஆலோசகர் எதைத் தொட்டார், எதை விட்டார். 'நீங்களே ஒரு வழி சொல்லுங்க மேடம்' என்று கேட்டபோது என்ன பதில் வந்தது, அதன்பின் பேச்சு நின்றதா ஓடியதா. அம்மாவோ அண்ணனோ கூடவே உட்கார்ந்திருந்தால் என்ன ஆயிற்று. வந்தவரின் சம்மதத்தோடு, அடையாளத்தை மறைத்து, முதல் அமர்விலிருந்து கடைசிவரை, ஆலோசகரின் பிழைகளுக்கு அடிக்குறிப்போடு அச்சாகும் ஒரு தமிழ் உரையாடல் பயிற்சி மாணவர்கள் கையில் இருந்தால், இந்த முறை நமக்கு எங்கே பொருந்துகிறது, எங்கே பொருந்தவில்லை என்பதை அவர்கள் வரிக்கு வரி காட்டுவார்கள்.